"நன்றாக இருந்தது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்
இளையராஜாவின் கச்சேரிகளுக்குப் போய்வரும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரசிகர்களுக்கு,

வணக்கம்.

என் அப்பா பாவலர் சகோதரர்களின் கச்சேரியை நேரில் கேட்டவர். அறுபதுகளின் தொடக்கம் அது. ஏலத்தோட்ட வேலைக்காக மலைமேல் தங்கியிருந்த நாளில், மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் கட்சிக் கூட்டம் என்று நண்பர்கள் அழைத்துப் போயிருக்கிறார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மூத்தவர் பாவலர் வரதராசன் நின்று பாடினாராம். பக்கத்தில் அவர் தம்பி, மெலிந்த பையன் ஒருவன் ஆர்மோனியம் வாசித்தானாம். பண்ணைப்புரத்து ராசய்யா. பின்னாளில் நாம் இளையராஜா என்று கொண்டாடும் அதே ராசய்யா.

அப்பா இதைச் சொன்னபோது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டு டேப்ரெக்கார்டரில் ராஜாவின் பாட்டு ஓடாத நாளே கிடையாது. "கச்சேரி எப்படி இருந்தது அப்பா?" என்று ஆசையாகக் கேட்டேன். "நன்றாக இருந்தது. நடுவில் மழை வந்துவிட்டது" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்று என்ன பாட்டு பாடினார்கள், ராசய்யாவும் சேர்ந்து பாடினாரா, மழை வந்ததும் கூட்டம் கலைந்ததா அல்லது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று கேட்டதா, எஸ்டேட் பெண்கள் எந்த வரிக்குச் சிரித்தார்கள் என்றெல்லாம் கேட்க இன்று என்னிடம் ஆயிரம் கேள்விகள் இருக்கின்றன. பதில் சொல்ல ஆள் இல்லை.

அண்மையில் ராஜாவின் கச்சேரி ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். வழக்கம்போல மறுநாள் காலையில் நீங்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்டதைத் தேடித் தேடிப் படித்தேன். "தெய்வீக அனுபவம்", "பிறவிப் பயனை அடைந்தேன்", "இசைக்கடவுளை நேரில் கண்டேன்", "கண்ணீர் நிற்கவில்லை" என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஒவ்வொன்றும் உண்மையான உணர்ச்சியிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை; நானும் அன்று இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் படிக்கப் படிக்க அப்பாவின் குரல்தான் காதில் கேட்டது. நன்றாக இருந்தது. மழை வந்துவிட்டது. நமது தலைமுறையில் மழைக்குப் பதிலாகப் பார்க்கிங் நெரிசல் வந்திருக்கிறது.

அங்கே என்ன வாசிக்கப்பட்டது, அதை எப்படி வாசித்தார்கள், யார் வாசித்தார்கள் என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் வருத்தமெல்லாம் இதுதான். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அன்று நடந்த ஒன்றைச் சொல்கிறேன். "இளைய நிலா பொழிகிறதே" பாட்டு. கிதார் முன்னிசை தொடங்கியதுமே கூட்டம் ஆர்ப்பரித்துவிட்டது. முதல் சில சுரங்கள் எங்கள் சத்தத்திலேயே கரைந்தன. பல்லவி முடிந்து, முதல் இடையிசையில் புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் ஒரு கணம் தாமதமாக நுழைந்தது. நம்மில் பாதிப் பேருக்கு அது தெரிந்தே இருக்காது. ராஜாவின் வலது கை உயர்ந்தது. பாட்டு நின்றது. அவர் புல்லாங்குழல்காரர் பக்கம் திரும்பி, மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை மெல்லப் பாடிக் காட்டினார். 'தா' என்று விழுகிற இடத்துக்கு முன்னால் ஒரு சிறு மூச்சு விடவேண்டும் என்று விரலால் காட்டினார். அந்த இளைஞர் தலையசைத்தார். ராஜா சிரித்தார். பல்லவியின் கடைசி அடியிலிருந்து மறுபடி எடுத்தார்கள். இந்த முறை குழல் நுழைந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பதிவில் ஆயிரம் முறை கேட்ட இடம்தான். அந்தச் சிறு மூச்சு அங்கே இருக்கிறது என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் இதைப் பற்றி வந்தது என்ன? "மேடையிலேயே கோபப்பட்ட ராஜா" என்று ஒருவர் எழுத, அதைப் பத்துப் பேர் பகிர, "கலைஞர்களை அவமதிக்கலாமா" என்று நாற்பது பேர் சண்டை போட்டார்கள். ஐந்தாவது வரிசையிலிருந்து பார்த்தவன் சொல்கிறேன்: அவர் கோபப்படவில்லை. பாடம் சொன்னார். அதைக் கண்ணெதிரே பார்க்கும் பாக்கியம் அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கிடைத்தது. பார்த்த நாம் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால், பார்க்காதவர்கள் அதைக் கோபம் என்று திரித்திருக்க முடியுமா?

அவர் கச்சேரிக்குப் பலமுறை போனவர்களுக்கு இது புதிதல்ல. பிழை நேர்ந்தால் பாட்டை நிறுத்தி மறுபடி தொடங்குவது அவர் வழக்கம். சில மேடைகளில் ஒரு பாட்டைப் பிரித்துப் போட்டு, கோரஸ் மட்டும் பாடுங்கள், வயலின் மட்டும் வாசியுங்கள், இப்போது எல்லோரும் சேருங்கள் என்று அடுக்கு அடுக்காகக் காட்டியும் இருக்கிறார். வேறு எந்த இசையமைப்பாளரின் சமையலறைக்குள்ளும் நம்மை இப்படி யாரும் அழைத்துப் போனதில்லை. வெளியே வந்து "சாப்பாடு அருமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமா?

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது. "இளைய நிலா"வின் கிதாரை நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கிறோம். 1982-ல் வந்த பாட்டு. அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. என்னிடம் இருந்த கேசட்டின் அட்டையில் பாடியவர் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இருந்தது. வாசித்தவர் பெயர் இல்லை. டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல், பேஸ் கிதார் சசிதரன், கிதார் சதானந்தம், வயலின் வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் சுதாகர், நெப்போலியன் என்கிற அருண்மொழி. இந்தப் பெயர்களையெல்லாம் ஒரு சில ரசிகர்கள் தேடி அலைந்து, கலைஞர்களின் வாயாலேயே கேட்டு எழுதியதால்தான் இன்று நமக்குத் தெரிகின்றன. இவர்களில் சிலர் இப்போது இல்லை. இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் மேடையில் உட்கார்ந்திருந்த இரவுகளில் நாம் செல்போனைத் தூக்கிப் பிடித்து யாரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்? முன்வரிசையில் வந்து உட்கார்ந்த நடிகரை.

ராஜா மேடையில் கலைஞர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் நம்மில் பலர் எழுந்து தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறோம். தயவுசெய்து அப்போது உட்காருங்கள். பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வயலின் வரிசையில் கடைசியில் இருக்கிற அந்தப் பெண்ணின் பெயரை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

"கேசட்டில் இருந்த மாதிரி இல்லை" என்று சலித்துக்கொள்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மைதான். கேசட்டில் இருந்த மாதிரி இருக்காது. பாலு சார், அதாவது எஸ்.பி. பாலசுப்பிரமணியம், 2020-லேயே போய்விட்டார். ஸ்வர்ணலதா இல்லை, மலேசியா வாசுதேவன் இல்லை, உமா ரமணன் இல்லை, பவதாரிணி இல்லை. 1943-ல் பிறந்தவர் இந்த வயதில் "ஜனனி ஜனனி" என்று தொடங்கும்போது குரல் எண்பதுகளில் இருந்த இடத்தில் இருக்காது. திறந்த மைதானத்தில் காற்று அடித்தால் வயலின் ஒலி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். இவ்வளவும் தெரிந்துதான் நாம் டிக்கெட் வாங்குகிறோம். அப்படியானால் வேறாக இருப்பதைக் கேட்கத்தான் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எந்த இடம் வேறாக இருந்தது என்று எழுதுங்கள்.

"பூங்கதவே தாழ் திறவாய்" பாட்டின் இடையிசையில் கல்யாண வீடுபோல நாதஸ்வரம் எழும். நான் கேட்ட ஒரு மேடையில் அதைக் கீபோர்டில் வாசித்தார்கள், சுமாராக இருந்தது. இன்னொரு மேடையில் நாயனக்காரரே வந்திருந்தார். அவர் எழுந்து நின்று ஊதியபோது மைக்கே தேவைப்படவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதது. கேசட்டில் அந்த நாதஸ்வரம் தூரத்துக் கல்யாணம். அன்று அது எங்கள் தெருவிலேயே நடந்த கல்யாணம். இந்த வித்தியாசத்தைச் சொல்ல இசை இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும், மறுநாள் காலை மறப்பதற்குள் எழுதிவிடும் அக்கறை இருந்தால் போதும்.

"ராக்கம்மா கையத் தட்டு" பாட்டில் ஆட்டமெல்லாம் அடங்கி அப்பர் தேவாரம் வருமே, அந்த இடத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. அதுவரை எங்கள் வரிசை முழுக்க எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. தேவாரம் தொடங்கியதும் என் பக்கத்தில் இருந்த பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, அவரும் யாரையும் பார்க்கவில்லை. தேவாரம் முடிந்து தாளம் திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கைதட்டினார். என் சட்டைப்பை நோட்டில் அன்று குறித்ததில் எனக்குப் பிடித்த வரி அதுதான். எந்தக் கேமராவிலும் அது பதிவாகியிருக்காது. எல்லாக் கேமராவும் மேடையைப் பார்த்துத்தானே இருந்தன.

செல்போனில் பதிவு செய்பவர்களை நான் திட்டப்போவதில்லை. ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் காட்ட ஒரு பாட்டை எடுப்பதில் தவறில்லை. ஆனால் மூன்று மணி நேரமும் சின்னத் திரை வழியாகவே மேடையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கேட்டால் பக்கத்தில் விசில் அடித்தவரின் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கிறது என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டை எடுங்கள். மற்றதைக் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ரசிகர்களிடம் எனக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் ஈவன்டிம் அப்பல்லோ அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பியவர் எழுதிய நான்கு பகுதிகளை, தமிழே தெரியாத கலைஞர்கள் தாளைப் பார்த்து வாசித்த இரவு அது. நம் ஊர்க்காரர்களில் மிகச் சிலருக்குத்தான் அங்கே இருக்கும் பேறு வாய்த்தது. பகுதிக்குப் பகுதி நம்மவர்கள் கைதட்டியதைப் பற்றி ராஜாவே ஊர் திரும்பியபின் பேசினார். சிம்பொனி முழுவதும் முடிந்த பிறகே கைதட்டுவது அந்த அரங்குகளின் மரபு. நம்மவர்கள் கைதட்டியபோது வாசித்தவர்கள் முகத்தில் என்ன தெரிந்தது? நடத்துநர் மிக்கேல் டாம்ஸ் என்ன செய்தார்? இரண்டாம் பகுதி தொடங்கும்போது அரங்கம் எப்படி அடங்கியது? அன்று நீங்கள் போட்ட "பெருமை! பெருமை!" எல்லாவற்றையும் படித்தேன். பெருமைதான், மறுக்கவில்லை. உள்ளே இருந்த நீங்கள் கேட்டதை, எத்தனை மாதம் கழித்தானாலும் சரி, உட்கார்ந்து எழுதுங்கள். டொரன்டோவில் 2013-ல் அவர் கச்சேரியைக் கேட்டவர்களும் எழுதலாம். 2005 அக்டோபரில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்தில் பாலு சாரும் சேர்ந்து பாடிய இரவைப் பற்றி, அதை நேரில் கேட்ட நீங்களே இருபது ஆண்டு தாண்டியும் தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்தே பேசுகிறீர்கள். உங்கள் இருக்கையிலிருந்து கேட்டதைச் சொல்லுங்கள்.

எப்படி எழுதுவது என்று சிலர் கேட்கலாம். எனக்குத் தெரிந்த வழி எளிது. பாட்டின் பெயரை எழுதுங்கள். அதில் உங்களை நிமிர்ந்து உட்காரவைத்த ஒரே ஒரு இடத்தை எழுதுங்கள். அந்த இடத்தில் யார் வாசித்தார், யார் பாடினார், ராஜா அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பக்கத்து இருக்கை என்ன செய்தது. பிடிக்காததையும் எழுதுங்கள், பாடகர் சரணத்தில் வார்த்தையை மறந்தார் என்றால் மறந்தார் என்றுதான் எழுத வேண்டும். அதைச் சொன்னதால் ராஜாவின் புகழ் குறைந்துவிடாது. ஒலியமைப்பு மோசமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், எந்த வாத்தியம் கேட்கவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "சவுண்டு சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஏற்பாட்டாளர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். "பின்வரிசையில் பேஸ் கிதார் மட்டும் கேட்டது, வயலின் கேட்கவே இல்லை" என்று இருபது பேர் எழுதினால் அடுத்த முறை ஒலிப்பெட்டியை நகர்த்தியாவது வைப்பார்கள்.

ரகுமானா ராஜாவா என்ற சண்டையை நான் இங்கே தொடவே போவதில்லை. காப்புரிமை வழக்குகளையும் அப்படியே விடுகிறேன். அவற்றுக்கு ஆயிரம் இடம் இருக்கிறது. கச்சேரி முடிந்த மறுநாள் காலையையாவது பாட்டுக்கு விட்டுவைப்போம்.

மறுபடி பாவலருக்கு வருகிறேன். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாவலர் வரதராசன் பாடிப் பாடி வாக்குக் கேட்டார், ரோசம்மா வென்றார். அந்தப் பாட்டுகளுக்கும் அந்த வெற்றிக்கும் இருந்த தொடர்பை எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் தம்பிகளையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக, மலை மலையாகக் கச்சேரி நடந்தது. பாவலர் மெட்டுக்கு உடனுக்குடன் வரி கட்டிப் பாடுகிறவர். ராஜா என்கிற கலைஞன் உருவானது அந்த மேடைகளில்தான். ஸ்டுடியோவுக்குள் நுழைவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்து, எந்த இடத்தில் கூட்டம் சிலிர்க்கும், எங்கே கலையும் என்று கற்றுக்கொண்டவர் அவர். அந்த இரவுகளில் என் அப்பா கேட்டதுபோன்ற எத்தனையோ இரவுகள் ஒலிநாடாவில் ஏறவே இல்லை. கேட்டவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. அவர்களில் மிச்சம் இருப்பவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது இருக்கும்.

ஆகவே கடைசியாக ஒரு வேண்டுகோள். கம்பம், போடி, உத்தமபாளையம், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ பாவலர் கச்சேரியைக் கேட்டிருக்கிறார்களா என்று இந்த வாரமே விசாரியுங்கள். "நன்றாக இருந்தது" என்று சொன்னால் எழுந்து போய்விடாதீர்கள். விளக்கு என்ன விளக்கு, மேடை எதனால் கட்டியது, அண்ணன் பாடும்போது தம்பி என்ன செய்தான், எந்த வரியைத் திரும்பப் பாடச் சொன்னார்கள், வீட்டுக்குப் போகும்போது வாயில் எந்தப் பாட்டு இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு வரி பாடிக் காட்டினால் செல்போனை அப்போது எடுங்கள்.

கூடலூரில் எண்பத்து மூன்று வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் அப்பாவோடு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். அன்று இரவு மழையில் அவரும் இருந்தாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று மருமகள் போனில் சொன்னார். என் கேள்விகளை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தேனி மாவட்டத்திலிருந்து ஒரு ரசிகன்